நாலு ஜன்னல் வைத்த கோபுரம்

ஜன்னலை ஏம்மா மூடுத? திறந்து வை. தூறல்தானே, நனைஞ்சா நனையட்டும். எனக்கு வெளிய தெரியணும். வெளிய தெரியாத இடத்துல உக்காந்தா மூச்சு முட்டும் எனக்கு.

நீ எங்க இறங்கணும்? ரயில்வே கேட்டா? அதுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. நான் கடைசி வரைக்கும். பாளையங்கோட்டையில தங்கச்சி மக வீடு. இந்தப் பெட்டியும் அந்தப் பையும்தான் சாமான். முப்பத்தாறு வருஷம் ஒரு ஊர்ல இருந்துட்டு இவ்வளவுதான் எடுத்துட்டு வாரேன். பஸ் ஏத்திவிட ஒருத்தர் வரல. வராட்டா போறாங்க. நான் யாரையும் கூப்பிடல.

ஊரு சாலமோன்விளை. நீ கேள்விப்பட்டிருக்க மாட்ட. ஒரு கோயில், ஒரு குளம், ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடம், மிச்சமெல்லாம் பனை. கோயில்னா எங்களுக்கு மாதா கோயிலும் இல்ல, உங்க கோயிலும் இல்ல, சர்ச்சு. பாதிரியாரை ஐயர்னுதான் சொல்லுவோம். நான் அந்தப் பள்ளிக்கூடத்துல ஹெட்மிஸ்ட்ரஸ். ஞானப்பூ டீச்சர்னா பெரிய ரோடு வரைக்கும் தெரியும். அந்த ஊர்ல இன்னைக்கு மீசையை முறுக்கிக்கிட்டு அலையுதவன் அத்தனை பேரும் எங்கிட்ட பிரம்படி வாங்கினவன். கோயில் கமிட்டிச் செயலாளர் பால்துரை இருக்கானே, மூணாங்கிளாஸ்ல ரெண்டு வருஷம் உக்காந்தவன். அவன் எனக்குச் சட்டம் சொல்லுதான்.

என்னை யாரும் விரட்டல. அதையும் சொல்லிருதேன், நாளைக்கு நீ வேற மாதிரி நினைக்கப்படாது. ஒரு வார்த்தை திட்டினது கிடையாது. முன்னால வழியில பாத்தா ஸ்தோத்திரம் டீச்சர்னு நிப்பாங்க. இப்ப குனிஞ்சுக்கிட்டுப் போறாங்க. பால் ஊத்துதவ பாலை ஊத்திட்டு முகத்தைப் பாக்காம போறா. அவ்வளவுதான். ஆனா அது விரட்டுறதை விட மோசம்மா.

எல்லாம் ஒரு கோபுரத்தால வந்தது. கோபுரம் வேணும்னு கேட்டவளே நான்தான்.

ரிட்டயர்டு ஆன மறுவருஷம் ஐயர்கிட்ட போய்ச் சொன்னேன். "ஐயரே, ஊரு கெட்டுப் போகுது. குடி பெருகிப் போச்சு, கோயிலுக்கு ஆள் குறையுது. ஊருக்காக ஜெபிக்க உசரத்துல ஒரு இடம் வேணும். அந்தக் காலத்துல கோட்டைக்கும் தோட்டத்துக்கும் காவல் கோபுரம் வச்சாங்கள்லா, அதே மாதிரி. மேல ஒருத்தர் முழிச்சிருந்தாத்தான் கீழ இருக்கவங்க நிம்மதியாத் தூங்கலாம்." ஐயருக்குப் பிடிச்சுப் போச்சு. நல்ல மனுஷன்தான் அவரு. ஆனா முதுகெலும்பு கிடையாது.

கோயிலுக்குத் தென்பக்கமா கட்டினாங்க. நாப்பத்தி நாலு படி, மேல ஒரு ரூம்பு, அதுல ஒரு மணி. ஆபத்துன்னா அடிக்கிறதுக்கு. தீப்பிடிச்சா, வெள்ளம் வந்தா, யாராவது கிணத்துல விழுந்தா. ரூம்புக்கு முதல்ல கைச்சாண் அகலத்துல காத்துப்போக்கு மட்டும்தான் வைக்கிறதா இருந்துது. ஜெபிக்கிற ரூம்புக்கு ஜன்னல் எதுக்குன்னான் பால்துரை. நான் விடல. நாலு பக்கமும் ஜன்னல் வேணும், ஆள் உசரத்துக்கு வேணும்னு நின்னு வாங்கினேன். பாக்காம எப்படிம்மா ஜெபிக்க? எந்த வீட்டுல என்ன தேவைன்னு தெரிய வேண்டாமா?

கொத்தனார் சுடலைக்கண்ணு, எங்க வேதக்காரன் இல்ல, உங்க சாமி கும்பிடுதவன். அவன் சாந்து பூசிக்கிட்டே சிரிக்கான். "எங்க வள்ளிக்கும் பரண் உண்டு டீச்சர். தினைக்காட்டுக்கு நடுவுல பரண் மேல நின்னு காவல் காத்தா. ஆனா அது குருவி விரட்டத்தான். ஊரைப் பாக்கிறதுக்கு இல்ல" அப்படிங்கான். பரணும் ஜெபக் கோபுரமும் ஒண்ணா? வேலையைப் பாருன்னு சொல்லிட்டேன்.

பிரதிஷ்டை அன்னைக்கு ஐயர் பிரசங்கம் பண்ணினாரு. மேல நிக்கிற காவக்காரன் ஆபத்தைக் கண்டும் சத்தம் போடலன்னா, கீழ சாகிறவனோட பழி அவன் தலையிலதான்னு. ஊரே ஆமென்னுது. எனக்கு அழுகையே வந்துட்டு. என்னைப் பாத்துச் சொன்ன மாதிரி இருந்துது.

முதல்ல பன்னெண்டு பேர் பேர் கொடுத்தாங்க, ஆளுக்கு ஒரு மணி நேரம்னு. ஒரு மாசம் தாங்கல. ஒருத்திக்கு முட்டுவலி, ஒருத்திக்கு சீரியல். கடைசியில நான் ஒருத்திதான். காலையில ரெண்டு மணி நேரம், மத்தியானம் பன்னெண்டுல இருந்து நாலு. இந்த வயசுல நாப்பத்தி நாலு படி, தினம் ரெண்டு தடவை. யாரும் எனக்கு நன்றி சொல்லல. நானும் கேக்கல.

மேல நின்னா என்னதான் தெரியாது! ஞாயித்துக்கிழமை ஆராதனை நேரத்துல புளியமரத்து அடியில சீட்டு விளையாடுதது தெரியும். யார் வீட்டு மருமக எத்தனை மணிக்கு வாசல் தெளிக்கான்னு தெரியும். நான் கண்டதை அவங்கவங்க வீட்டுல போய்ச் சொன்னேன். அதுதானே காவல்? சீட்டு விளையாடின பயலுவ எனக்கு சிசிடிவின்னு பேரு வச்சிருக்கானுவ. வச்சுக்கிடட்டும்.

அப்பத்தான் எப்சியைப் பாத்தேன். எப்சிபா. எங்க கோயில்குட்டி அன்பையாவோட பெண்டாட்டி. கோயில்குட்டின்னா கோயிலைக் கூட்டிப் பெருக்கி, ஆராதனைக்கு மணி அடிக்கிற வேலை. அவளுக்கு முப்பது வயசு இருக்கும், ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க. எங்கிட்ட படிச்சவதான், அமைதியான பிள்ளை. அமைதியா இருக்கவங்களைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தான்.

மத்தியானம் ஒரு மணி. அன்பையா சாப்பிட்டுப் படுக்கிற நேரம். இவ கையில ஒரு தூக்குவாளி, மேல துணி போட்டு மூடி, வீட்டுக்குப் பின்னால இறங்கிக் குளத்தங்கரை மேல போறா. கரைக்கு அந்தப் பக்கம் பள்ளத்துல ஒரு பழைய செங்கச்சூளை. சூளை நின்னு பத்து வருஷம் ஆச்சு, ஒரு கொட்டகையும் ரெண்டு குட்டிச்சுவரும்தான் மிச்சம். அதுக்குள்ள போறா. அரை மணி நேரம். வெளிய வரும்போது முந்தானையால மூஞ்சைத் துடைச்சுக்கிட்டே வாரா. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, பதினோரு நாள்.

நீயே சொல்லு. நீ என்ன நினைப்ப?

சொல்ல மாட்ட. சரி. எல்லாரும் அப்படித்தான். நினைக்கிறதை நினைச்சுக்கிட்டு வாயை மூடிக்கிடுதது.

நான் பேரைச் சொல்லல. கவனிச்சுக்கோ, பேரைச் சொல்லல. பெண்கள் ஐக்கிய சங்கத்துல ஜெபக்குறிப்பு கேப்பாங்க. நான் எந்திரிச்சு, "நம்ம கோயில் மணிக்கயித்தைப் பிடிக்கிற வீட்டுக்குள்ள ஒரு ஆபத்து வருது, மத்தியான நேரத்துல குளத்துப் பக்கமா வருது, பாரத்தோட ஜெபிச்சுக்கிடுங்க"ன்னு மட்டும்தான் சொன்னேன். எல்லாரும் தலையைக் குனிஞ்சு ஜெபிச்சாங்க. ஜெபம் முடிஞ்சு தலையைத் தூக்கும்போதே எல்லாம் ஊருக்குள்ள போயிட்டு.

மறுநாள் அன்பையா படுக்கல. அவ பின்னாலயே போனான். நான் மேல இருந்து பாத்துக்கிட்டு நிக்கேன். கொட்டகைக்குள்ள போனவன் அவ தலைமுடியைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வெளிய வாரான். கரை மேலயே வச்சு அடிச்சான். அவ கை எடுத்துத் தடுக்கக்கூட இல்ல. நெத்தி கிழிஞ்சு ஏழு தையல்.

உள்ள இருந்தது அவனோட அண்ணன். கூடப் பிறந்த அண்ணன், மாசிலாமணி.

அந்த மாசிலாமணியை எனக்குத் தெரியும். அவனும் எங்கிட்ட படிச்சவன்தான். நல்லாப் பாடுவான். அப்புறம் குடி. ஒருநாள் குடிச்சிட்டு வந்து பெத்த தாயைத் தள்ளி விட்டுட்டான், இடுப்பு ஒடிஞ்சு படுத்தவ எந்திரிக்கவே இல்ல. ஒரு வருஷத்துல செத்துட்டா. கல்லறையில வச்சே அன்பையா சத்தியம் பண்ணினான், அவன் நிழல் என் வாசல்ல விழாதுன்னு. சபையும் அவனைத் தள்ளி வச்சுது. ஒம்பது வருஷம் எங்கயோ கிடந்துட்டு, காசநோயோட எலும்புக்கூடா வந்து சூளையில படுத்திருக்கான். மத்தவங்க யாருக்கும் தெரியாது, எப்சி ஆடு மேய்க்கப் போனவ பாத்துட்டா. கஞ்சி கொண்டு போயிருக்கா. வெந்நி வச்சு உடம்பு துடைச்சு விட்டிருக்கா. முகத்தைத் துடைச்சுக்கிட்டு வந்தது அழுதுட்டு.

சரி, தெரியாமச் சொல்லிட்டேன்னே வச்சுக்கோ. நான் கண்டது பொய்யா? அவ போனா, வந்தா, ஒளிச்சுத்தானே போனா? புருஷன்கிட்ட சொல்லிட்டுப் போயிருந்தா எனக்கு என்ன வேலை? அடிச்சது நானா? அவன் கை, அவன் பெண்டாட்டி, அவன் அண்ணன். பழி மட்டும் எனக்கு.

கமிட்டி கூடுச்சு. என்னை நடுவுல ஒரு நாற்காலி போட்டு உக்கார வச்சாங்க. நான் நாற்காலியில உக்கார வச்ச பயலுவ! பால்துரை சொல்லுதான்: "டீச்சர், எப்சிகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டா முடிச்சிருவோம்."

நான் வாயே திறக்கல. அதுக்குள்ள அவளே எந்திரிச்சா. நெத்தியில கட்டு, ஒரு கண்ணு வீங்கி மூடிக் கிடக்கு. "டீச்சர் கண்டதைத்தான் சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் இல்ல, விட்டுருங்க. எங்க வீட்டு ஆம்பளையும் இப்ப அண்ணனுக்குக் கஞ்சி கொண்டு போறாங்க. அது போதும் எனக்கு." சொல்லிட்டு என்னைப் பாத்து ஒரு சிரிப்பு.

அந்தச் சிரிப்பை என்னால மறக்க முடியலம்மா. அவ சண்டை போட்டிருக்கணும். மண்ணை வாரித் தூத்தியிருந்தாக்கூட நான் பதில் சொல்லியிருப்பேன். மன்னிக்க அவ யாரு? எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவளை மன்னிக்கிறதாம். கோயில் முழுக்க அவளைப் பாத்துக் கண் கலங்குது. என்னை ஒருத்தரும் பாக்கல.

அப்புறம் பால்துரை தீர்மானம் வாசிச்சான். டீச்சர் கோபுரத்துல ஜெபிக்கலாம், தடையில்ல. ஆனா ஜன்னலைச் சாத்திட்டுத்தான் ஜெபிக்கணும். மணியைத் தொடக்கூடாது, மணி அடிக்கணும்னா கமிட்டி சொல்லணும். "மேல இருந்து நீங்க எதைப் பாத்தாலும் சரி டீச்சர், அது உங்க வாயில இருந்து வரக்கூடாது." இதே வார்த்தை. ஐயர் தரையைப் பாத்துக்கிட்டு இருக்காரு. அவர் பண்ணின பிரசங்கம் அவருக்கே மறந்துட்டு.

நான் சரின்னேன். ஒத்த வார்த்தை, சரி. வேணும்னா கையெழுத்தும் போடுதேன்னேன்.

அன்பையா கொட்டகைக்குப் புதுசா ஓலை மேஞ்சான், ஒரு கயித்துக்கட்டில் போட்டான். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகல. சின்னப் பிள்ளைங்க இருக்கு, நோய் ஒட்டும்னாங்க. அவன் பண்ணின சத்தியமும் இருக்குல்லா. எப்சி தினம் ஒரு மணிக்கு எல்லாரும் பாக்கவே தூக்குவாளியோட போனா. வழியில பொம்பளைங்க நிறுத்தி, வாளியில இவங்க ஒரு கரண்டி குழம்பு, அவங்க ரெண்டு முட்டைன்னு போட்டு விட்டாங்க. என்ன ஒரு பாசம்! ஒம்பது வருஷமா அவன் பேரை எடுக்காத ஊரு.

எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கியா? ஜன்னலை நான் சாத்தல. யாரு வந்து பாக்கப் போறா?

அப்புறம்தான் மழை. கார்த்திகை மழை. புதன் பிடிச்சது, வியாழன் விடல, வெள்ளியும் விடல. எங்க குளம் நிறைஞ்சு நான் பாத்ததே மூணு தடவைதான், அன்னைக்குக் கரையைத் தொட்டுக்கிட்டு நிக்கி. வெள்ளிக்கிழமை காலையிலயே பிள்ளைங்களுக்குக் காய்ச்சல்னு எப்சியும் அன்பையாவும் அவங்களைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க. பஸ் ஏறுததையும் நான்தான் பாத்தேன். ஊர்ல எல்லாரும் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருக்காங்க.

பன்னெண்டு மணிக்குக் கோபுரத்துக்குப் போனேன். மழையிலயும் போனேன், நான் ஒரு நாள் தவறினது கிடையாது. மடைக்குப் பக்கத்துல, சூளைப் பக்கமா இறங்குத கரையில ஈரம் கசியுது. முதல்ல தட்டு அகலத்துக்கு. கொஞ்ச நேரத்துல பாத்தா பாய் அகலத்துக்கு. தண்ணி தெளிவா வந்தா பயமில்ல, கலங்கி வந்தா கரை அரிக்குதுன்னு அர்த்தம். செம்மண் நிறத்துல கலங்கி வருது. அதுக்கு நேர் கீழ சூளை.

மணிக்கயிறு இங்க தொங்குது, இந்தா, இந்தக் கம்பி இருக்குல்லா, இவ்வளவு தூரம்தான். கை போச்சு. பொய் சொல்லல, கை போச்சு. பிடிச்சேன்கூட. கயிறு ஈரமா இருந்துது. அப்ப பால்துரை வாசிச்சது காதுல கேக்கு. எப்சி சிரிச்சது முன்னால வருது. நான் இப்ப இழுத்தா என்ன ஆகும்? ஓடி வருவாங்க. கசிவைப் பாப்பாங்க. ஒண்ணும் ஆகலன்னு வை, கிழவிக்குக் கிறுக்கு முத்திட்டுன்னு மறுபடியும் நாற்காலி. மறுபடியும் அவ எந்திரிச்சு, விட்டுருங்கம்பா.

கையை எடுத்துட்டேன்.

நிறைய நேரம் இருந்துது. அதுதான் பாரு. முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. நாலு ஆம்பளைங்க போய்க் கட்டிலோட தூக்கிட்டு வந்திருக்கலாம். நான் முழங்கால்ல நின்னு ஜெபிச்சேன். ஆண்டவரே, வேற யாராவது பாக்கட்டும், வேற யாராவது போகட்டும்னு ஜெபிச்சேன். ஊருக்கே ஜெபிக்கிறவளுக்கு இந்த ஒரு ஜெபம் கேக்கக்கூடாதா?

எந்திரிச்சுப் பாக்கும்போது கரை உடைஞ்சுட்டு. சத்தம் மழையில கேக்கல. தண்ணி ஊருக்குள்ள வரல, ஊரு மேடு. பள்ளம் பூரா ரொம்பிட்டு. அவன் எப்படியோ குட்டிச்சுவர் மேல ஏறி நிக்கான். எந்திரிச்சு நிக்க முடியாதவன்னாங்க, நின்னான். இடுப்புல இருந்த துண்டை அவுத்து ஆட்டுதான். சுத்தி ஒரு ஆள் கிடையாது. அவன் கண்ணுக்குத் தெரியுததெல்லாம் இந்தக் கோபுரம்தான். கோபுரத்தைப் பாத்துத்தான் ஆட்டுதான். பச்சைத் துண்டு. ரொம்ப நேரம் ஆட்டினான்.

அப்புறம் சுவர் இல்ல.

ஞாயித்துக்கிழமைதான் கிடைச்சான், உடைமுள் மரத்துல சிக்கி. ஆராதனை நடக்கல. ஐயர் எங்கிட்ட கேட்டாரு, எல்லாரும் நிக்கும்போது. "டீச்சர், வெள்ளிக்கிழமை மேலயா இருந்தீங்க?" ஆமான்னேன். "ஒண்ணும் பாக்கலியா?" நான் சொன்னேன்: "ஜன்னலைச் சாத்தி, கண்ணை மூடி ஜெபிச்சுக்கிட்டு இருந்தேன். கமிட்டி சொன்னபடிதான்."

பால்துரை மேல போனான். ஜெபிக்கிற பாயைச் சுருட்டிக் கையில எடுத்துட்டு இறங்கி வந்தான். பாய் தொப்பமா நனைஞ்சு சொட்டுது, வடக்கு ஜன்னல் வழியா அடிச்ச சாரல். கோயில் வாசல்ல எல்லார் முன்னாலயும் அதை விரிச்சுப் போட்டான். கோபுரத்துக் கதவைப் பூட்டி, சாவியை ஐயர் கையில கொடுத்துட்டுப் போயிட்டான்.

ஆளைக் கண்டதைச் சொன்னப்போ குத்தம். தண்ணியைக் கண்டதைச் சொல்லாட்டியும் குத்தம். அப்ப நான் என்னதான் பண்ணணும்? சொல்லேன்? நீ படிச்ச பிள்ளைதானே?

ஒரு வாரம் கழிச்சு எப்சி வந்தா. சண்டைக்குத்தான் வாரான்னு நினைச்சேன். வரட்டும்னு சந்தோஷமாக்கூட இருந்துது. நடையில நின்னா, உள்ள வரல. நெத்தியில தையல் தழும்பு. கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "டீச்சர், அவங்க தூக்கத்துலயே போயிட்டாங்களா? இல்ல, முழிச்சிருந்தாங்களா?"

நான் பாத்தேனான்னு கேக்கல. ஏன் அடிக்கலன்னு கேக்கல. பாத்தேன்னு அவளுக்குத் தெரியும். இதை மட்டும் கேட்டா.

நான் தெரியாதுன்னேன்.

"தூக்கத்துலன்னா நல்லது"ன்னு சொல்லிட்டுக் கொஞ்ச நேரம் நின்னா. நான் ஒரு வார்த்தை, ஆமா தூக்கத்துலதான்னு சொல்லியிருந்தா அவ போய்ப் படுத்துத் தூங்கியிருப்பா. இல்ல, உண்மையைச் சொல்லியிருக்கலாம். ரெண்டும் வாயில வரல. போயிட்டா. அன்னைக்கே தங்கச்சி மகளுக்குப் போன் போட்டேன்.

அந்தத் துண்டு விஷயம் யாருக்கும் தெரியாது. ஐயருக்குத் தெரியாது, தங்கச்சி மகளுக்கும் சொல்ல மாட்டேன். உங்கிட்ட ஏன் சொல்லுதேன்னா, நீ கேட்டுல இறங்கிப் போயிருவ, உன் பேரு எனக்குத் தெரியாது, என்னை நீ மறுபடி பாக்கப் போறதில்ல.

என்னம்மா எந்திரிக்க? கேட்டு இன்னும் வரல. இது கால்வாய் பாலம், இங்க ஒரு வீடு கிடையாது, ஒரு கடை கிடையாது. மழை வேற வலுக்குது. உக்காரு. நான்தான் இனிமே ஒண்ணும் பேசலியே, உக்காரு. வேற சீட்டுக்குப் போகணும்னாப் போ, படிக்கட்டுல ஏன் போய் நிக்க?

கண்டக்டர்! ஏ தம்பி, கண்டக்டர்! விசில் அடிக்காத! அந்தப் பிள்ளை தப்பான இடத்துல இறங்குது, யாராவது பாருங்களேன்!